தடையும் நீங்களே, கட்டாயமும் நீங்களே: நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், தலைமையாசிரியர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான தீர்மானப் பட்டியல் போன வாரம் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுவுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளை ஆறாம் ஆண்டை முடிக்கும்வரை அதன் கையில் திறன்பேசி கொடுப்பதில்லை என்று பெற்றோர் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு உறுதிமொழி தர வேண்டும் என்கிறது நான்காவது தீர்மானம். அறிவிப்பு, வீட்டுப்பாடம், கட்டண விவரம் எல்லாம் இனிப் புலனத்தில் மட்டுமே வரும், அச்சடித்த தாள் நிறுத்தப்படும் என்கிறது ஏழாவது. நடுவில் சிற்றுண்டிச்சாலைக் கூரையும் பள்ளி வேன் நிறுத்துமிடமும் வந்து நின்றுவிட்டதால், இவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை போலும்.

நான் யார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா. பட்டணத்தில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "கைத்தொலைபேசியை வைத்துப் பிழைக்கிறவர் அதற்கு வக்காலத்து வாங்கத்தானே செய்வார்" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். சிரித்த முகமும் போட்டிருந்தார், ஆகவே கோபமில்லை. ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: என் பிழைப்பு உடைந்த கண்ணாடியில் ஓடுகிறது, சின்னக் கைகளில்தான் அது அதிகம் உடைகிறது. அந்த வகையில் நான்காவது தீர்மானத்தை எதிர்க்க எனக்குச் சுயநலக் காரணம் உண்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

முதலில் ஏழாவது தீர்மானம் நம் வீடுகளில் எப்படி நடக்கும் என்று பாருங்கள். அம்மா விடியற்காலை தொழிற்சாலை பஸ் ஏறுகிறார். அப்பா லாரி ஓட்டுகிறார், அல்லது ஜொகூர் பாருவில் தங்கிச் சிங்கப்பூர் போய் வருகிறார். இருவர் கைத்தொலைபேசியும் அவர்களோடு போய்விடுகிறது. வீட்டில் இருப்பது பாட்டியும் பிள்ளையும். பிற்பகல் மூன்று மணிக்கு ஆசிரியர் கணிதப் பயிற்சியைப் படம் பிடித்துக் குழுவில் போடுகிறார். அம்மா அதை இரவு எட்டு மணிக்குப் பார்த்தால், பிள்ளை அதைச் செய்வது எப்போது? அதனால்தான் வீட்டுக்கு வீடு ஒரு பழைய கைத்தொலைபேசி பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்டது. கடையில் கருவி வாங்க வரும் தாய்மார்களிடம் எதற்கு என்று நான் கேட்பதில்லை, அவர்களாகவே சொல்லிவிடுகிறார்கள்: "பள்ளியில் புலனத்தில் அனுப்புகிறார்கள் தம்பி." விளையாட வேண்டும் என்று வாங்கிக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதன் தொடக்கம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கருவி இருந்த வீடுகள் திண்டாடின. தோட்டத்துக்குள் அலைவரிசை எட்டாத பிள்ளைகள் கோயில் முகப்பிலும் பஸ் நிறுத்தத்திலும் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். அப்போது நன்கொடை திரட்டிப் பழைய கருவிகளைச் சேகரித்தது இதே சங்கம்தான். அவற்றில் பலவற்றுக்கு மின்கலம் மாற்றிக் கொடுத்தவன் நான். நல்ல காரியம், மறுக்கவில்லை. 2021 முடிவில் 3ஜி சேவை நாடெங்கும் நிறுத்தப்பட்டபோது கையிலிருந்த பழையதும் இணையத்துக்கு உதவாமல் போய், எல்லோரும் புதியது வாங்கினார்கள். பிறகு பள்ளி திறந்தது. கரும்பலகையும் திரும்பி வந்தது. புலனம் மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது ஆசிரியர்களுக்கும் நமக்கும் வசதியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புலனத்தை நடத்தும் நிறுவனத்தின் விதிப்படி 13 வயது நிரம்பாதவர் தாமாகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு ஏழு முதல் பன்னிரண்டு. ஆறாம் ஆண்டு வகுப்புக் குழுவைத் திறந்து பாருங்கள்: பெற்றோர் எண்களுக்கு நடுவே பிள்ளைகளின் எண்களும் இருக்கின்றன. சேர்த்துவிட்டது பள்ளிதான். பள்ளியே சேர்த்துவிட்ட குழுவில் இருக்கும் பிள்ளையின் தாயிடம் போய், "உங்கள் பிள்ளை கையில் திறன்பேசி இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள்" என்று எப்படிக் கேட்கப் போகிறீர்கள்? அந்தத் தாய் கையெழுத்துப் போட்டுவிடுவார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

செயலவைக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுப்பது என்று நம் அரசாங்கம் முடிவெடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அப்படியொரு சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டங்கள் பொறுப்பை ஏற்றுவது தளங்களை நடத்தும் நிறுவனங்களின் மேல். நம் நான்காவது தீர்மானம் அதைக் கொண்டுபோய், முழங்கால் வலியோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டியின் தலையில் வைக்கிறது.

அந்தப் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம்மில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்கு (வருகைப் பதிவுக்கு) போகும் அம்மா, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போவார். தகரக் கூரை, வரிசையாகத் தொட்டில்கள், அதட்டிக்கொண்டே பால் கலக்கும் ஓர் ஆயா. பெருமையாகச் சொல்ல அதில் அதிகமில்லை. அழுகிற பிள்ளை அழுதுகொண்டேதான் இருக்கும். ஆனால் வேலை நேரத்தில் பிள்ளைக்கு ஓர் இடமும் ஓர் ஆளும் இருந்தார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குத் திடல் இருந்தது, கோயில் இருந்தது, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கை மாறின, ஆட்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். இங்கே ஆயாக் கொட்டகை இல்லை. இப்போது அந்த வேலையை ஆறரை அங்குலக் கண்ணாடி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது, சம்பளமும் கேட்பதில்லை.

அது நல்ல ஆயா இல்லை என்பதில் நமக்குள் வாதமில்லை. கண் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது, சோறு ஊட்டப் படம் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்கும் சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. பாலர் பள்ளிக்கே வராத குழந்தை கடையில் விளம்பரத்தைத் தாண்டிப் போக விரலால் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை.

பூட்டுப் போட்டுத் தாருங்கள் என்றும் பெற்றோர் வருகிறார்கள். போட்டுத் தருகிறேன், காசு வாங்குவதில்லை. பிள்ளையின் கருவியை அம்மாவின் கருவியோடு இணைத்து, இரவு ஒன்பதுக்கு மேல் அணைந்துவிடும்படி செய்ய இலவசச் செயலிகளே இருக்கின்றன. இரண்டு வாரத்தில் அதே கருவி பூட்டுத் திறந்து வந்து நிற்கும். எப்படி என்று கேட்கிறீர்களா? அப்பாவின் திறன்பேசியை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். புள்ளிகளை இணைத்து அவர் நாள் முழுக்க வரையும் கோடு, விரல் எண்ணெயில் கண்ணாடி மேல் பளிச்சென்று தெரியும். ஏழு வயதுப் பையன் ஒருவன் இதை எனக்கே செய்து காட்டினான். இந்தப் பிள்ளைகளிடமா உறுதிமொழித் தாள்?

கருவியைக் குறை சொல்லியே போனால் அதுவும் நியாயமாகாது. கீழ்ப்பேராக்கில், நாலு பக்கமும் செம்பனை சூழ்ந்த ஊர் நம்முடையது. வங்கிக்கும் பெரிய மருத்துவமனைக்கும் தெலுக் இந்தான் போக வேண்டும். ஊழியர் சேம நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறிய காலம் உங்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் சேம நிதியில், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்தபோது, பழம் வெட்டும் ஆட்கள் வேலை முடிந்து கடை வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே விண்ணப்பித்துப் போனார்கள். அவர்களுடைய கருவிகளை நான் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வேன். பனிக்கூழ்ப் பையில் சுற்றி, இரப்பர் வளையம் போட்டு, மேல்சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். மின்னூட்டும் துளையில் உரத்தூள் ஏறிப் பச்சை பூத்திருக்கும். பல் துலக்கும் தூரிகையும் துடைக்கும் ஆல்கஹாலும் கொண்டு அதைச் சுரண்டி எடுத்தால் மறுபடி உயிர் வரும். வங்காளதேசத்துப் பையன் ஒருவன் அப்படி உயிர் வந்ததும் அதே முகப்பில் நின்று தன் தாயை அழைத்துப் பேசினான். மொழி எனக்குப் புரியவில்லை, சாப்பிட்டாயா என்றுதான் அந்த அம்மா கேட்டிருப்பார்.

தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த நம் மூத்தவர்களுக்கும் இந்தக் கருவி செய்தது கொஞ்சமல்ல. நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் 2005-இல் செல்லினம் என்ற தமிழ் எழுதும் செயலியைக் கொண்டுவந்தபோது கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவதே அதிசயமாக இருந்தது. இன்று தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டி, சிரம்பானில் இருக்கும் தங்கைக்குத் தமிழில் எழுதுகிறார். எழுத முடியாதவர் குரலைப் பதிந்து அனுப்புகிறார். ஆனால் நம் பள்ளி என்ன அனுப்புகிறது? மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து வந்த மலாய்க் கடிதத்தை அப்படியே படம் பிடித்து, பெருக்கிப் பார்த்தாலும் தெரியாத அளவில் அனுப்புகிறது. அதைப் படித்துச் சொல்லச் சொல்லிப் பாட்டி யாரிடம் நீட்டுவார்? பேரனிடம்தான். பேரன் கையில் கருவி போவதற்கு அது இன்னொரு வழி. தமிழ்ப்பள்ளி தன் அறிவிப்பைத் தமிழில், அரை நிமிடக் குரல் பதிவாகச் சேர்த்து அனுப்பினால் போதும். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் செயலவை, பெரியவர்களின் கைத்தொலைபேசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததுதான் எனக்கு விசித்திரம். கடையில் நான் பார்த்த பெருஞ்சேதங்கள் எல்லாம் பெரியவர்களுடையவை. இணையச் சூதாட்டத்தில் சம்பளம் போன பிறகு கருவியை அடகு கேட்டு வருகிறவர்கள், பிறகு வட்டி முதலைகளின் மிரட்டல் செய்தியைக் காட்டி "இதை அழிக்க முடியுமா" என்று கேட்கிறவர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும்.

ஆனால் ஓர் அம்மாவின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், பேத்தி நம் பள்ளியில் படிக்கிறாள். "தம்பி, கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது" என்று கருவியை நீட்டினார். வந்திருந்தது படமல்ல, அழைப்பிதழ் என்று பெயரிட்ட செயலிக் கோப்பு. அவர் முதல் நாள் இரவே அதை அழுத்தியிருந்தார். நிறுவட்டுமா என்று கேட்டது, சரி என்றார். குறுஞ்செய்திகளைப் படிக்கட்டுமா என்று கேட்டது, அதற்கும் சரி என்றார். கேள்விகள் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தன. சரி என்று சொன்னால்தான் எதுவும் நகரும் என்பது மட்டும் அவருக்குப் பழக்கம். வங்கி அனுப்பிய ஒருமுறைக் கடவெண்கள் (ஓடிபி) அவர் கண்ணில் படுமுன் வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்துவிட்டன. மோசடிப் புகாருக்கென்று 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் எண் 997. கடையிலிருந்தே அழைத்தோம், காவல் நிலையத்துக்கும் போனோம். கணக்கில் மிச்சமிருந்தது தப்பியது. போனது, மகளின் நகையை மீட்க வைத்திருந்த பணம்.

யாருடைய கல்யாணம் என்று நினைத்து அழுத்தினீர்கள் என்று கேட்டேன். "பள்ளிக் குழுவில் இருக்கும் யாரோ என்று நினைத்தேன்" என்றார். நம் குழுவில் இருப்பவர்களின் எண்கள் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. பெயர் தெரியாத எண்ணிலிருந்து பணம் கேட்டு வந்தாலும், கட்டணம் கட்டச் சொல்லி ஒரு கட்டச் சதுரக் குறியீடு (கியூஆர்) வந்தாலும், பள்ளியிலிருந்து வந்ததா இல்லையா என்று சொல்ல வழியில்லை. உறுப்பினர் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாதபடி அறிவிப்பு அனுப்பும் வசதி புலனத்திலேயே இருக்கிறது. அதை அமைக்க அரை மணி நேரம் ஆகாது, செயலவை சொன்னால் நானே அமைத்துத் தருகிறேன்.

தாளை நிறுத்த வேண்டாம் என்று கேட்கிறேன். காகிதச் செலவு பெரிது என்று பொருளாளர் சொல்வார். அவருக்கு நினைவூட்ட ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டு 31 முதல் பெரியவர்கள் அனைவருக்கும் அத்தியாவசியப் பொருள் வாங்க 100 வெள்ளி (ரிங்கிட்) சாரா உதவியை அரசாங்கம் வழங்கியபோது, செயலி இருந்தால்தான் தருவோம் என்று சொல்லவில்லை. மூத்தவர்கள் கடையில் அடையாள அட்டையை நீட்டி அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போனார்கள். பெட்ரோல் சலுகைக்கும் அதே அட்டைதான் போதுமானதாக இருந்தது. கோடிக்கணக்கானோருக்கு அரசாங்கத்தால் அதைச் செய்ய முடியுமென்றால், நம் சின்னப் பள்ளியால் வாரம் ஒரு தாள் அச்சடிக்க முடியாதா? முடியவில்லை என்றால் தாள் வாங்க நன்கொடைப் பெட்டி வையுங்கள், முதல் கட்டு என்னுடையது. அதோடு வீட்டுப்பாடத்தைப் பிள்ளையே கையேட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தோம், மறந்தும் வந்தோம், பிரம்படியும் வாங்கினோம் (பிரம்பை நான் திரும்பக் கேட்கவில்லை).

இதைவிட எனக்கு முக்கியமானது திடல். பள்ளி மதியம் ஒரு மணியளவில் விடுகிறது. இணைப்பாட நாள் தவிர மற்ற நாட்களில் வாயிற்கதவு பூட்டப்படுகிறது. பூட்டிய கதவுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துச் சுவரில் சாய்ந்தபடி நாலைந்து பையன்கள் ஒரே கருவியில் விளையாடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பந்து உதைக்க ஒரு திடல் வெறிச்சென்று கிடக்கிறது. பாதுகாப்புக் காரணம் சொல்வீர்கள், அதுவும் சரிதான். மாலை நாலரை முதல் ஆறரை வரை முறை வைத்து இரண்டு பெற்றோர் உட்கார்ந்தால் போதாதா? முன்னாள் மாணவர்களில் பந்து பயிற்றுவிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நூலகத்தையும் அதே நேரத்தில் திறந்து வைக்கலாம். நான்காவது தீர்மானத்தில் கையெழுத்துப் போட எத்தனை பேர் தயார் என்று கேட்பதை விட்டுவிட்டு, வாரத்தில் ஒரு மாலை வாயிலில் உட்கார எத்தனை பேர் தயார் என்று பொதுக்கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கைகள் குறைவாகத்தான் உயரும் என்பது தெரியும். எனக்குப் புதன்கிழமை தோதுப்படும்.

ஆகவே நான்காவது தீர்மானத்தை மீட்டுக்கொள்ளுங்கள். ஏழாவதில் "மட்டுமே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் எண்களை வகுப்புக் குழுக்களிலிருந்து நீக்க, பொதுக்கூட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. வகுப்பாசிரியர்களிடம் தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் இன்றே முடியும்.

கடைசியாக ஒன்று. தாத்தா பாட்டிகளுக்கு ஒரு சனிக்கிழமை காலை வகுப்பு நடத்த அனுமதி கேட்கிறேன். எந்தக் கோப்பை அழுத்தக் கூடாது, செயலி எதைக் கேட்டால் மறுக்க வேண்டும், பணம் போய்விட்டால் முதல் அழைப்பு எந்த எண்ணுக்கு, பேரப்பிள்ளையின் கருவி இரவில் தானாக அணைய என்ன செய்ய வேண்டும், இவ்வளவுதான் பாடம். தமிழில் நடத்துவேன், கட்டணம் கிடையாது. பள்ளி மண்டபமும் இருபது நாற்காலிகளும் மின்விசிறியும் போதும். மேசைகளைச் சுவரோரம் போடச் சொல்லுங்கள், மின்னூட்டும் கம்பிகள் எட்ட வேண்டும். பாதிப் பேருடைய கருவியில் மின்கலம் பத்து விழுக்காட்டில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு மாணவியின் தந்தை,
பட்டணத்துக் கைத்தொலைபேசிக் கடைக்காரன்